ஆறடிக்கு நாலடி நிழல்

ஆறடிக்கு நாலடி நிழல், கம்பி, தகரம், போல்ட்டு, கூலி எல்லாம் சேர்த்து, நாலாயிரத்து இருநூறு. பேரம் பேசினால் மூவாயிரத்து எண்ணூறுக்குப் படியும். வெல்டிங் பட்டறைக்காரர் சொன்ன கணக்கு இது. உலகம் உண்டான நாளிலிருந்து மரமும் மலையும் மேகமும் ஓசியில் கொடுத்துவந்த சரக்குக்கு இப்படி ஒரு விலை போட்டதில் அவருக்கே கொஞ்சம் கூச்சம்தான். "பெயின்ட்டு என் செலவுல அடிச்சுத் தர்றேன்க்கா," என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த அக்கா நம் கேட்டக்கா. லாரிக்காரர்கள் சூட்டிய பட்டம். ஒரு கம்பெனியின் ஒரே வாசலில், பெரிய இரும்புக் கேட்டுக்கு வெளிப்பக்கம், ஒரு நாற்காலி, ஒரு மேசை, தலையணை கனத்துக்கு ஒரு பதிவேடு. காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை, வருகிற சாமான் போகிற சாமான் எல்லாவற்றையும் அதில் ஏற்றுவது அவள் வேலை. பதினோரு வருஷம். தலைக்கு மேல் ஆகாயத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. பத்து மணிக்கு மேல் அந்த நாற்காலி, நான்கு கால் இருந்தும் ஓடிப்போகாமல் நிற்பதை விசுவாசம் என்றுதான் சொல்ல வேண்டும்.

வெயில் சும்மா போகவில்லை. தொப்பிக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம் என்று முகத்தைப் பாகம் பிரித்துவிட்டுப் போனது. மூக்கு நுனி வாரம் ஒரு தோல் உரிக்கும். இடது கன்னத்தில் மிளகு அளவு ஒரு புண், நாலு மாதமாக ஆறுவதும் மறுபடி வாய் திறப்பதுமாக இருந்தது.

தெருமுனை டாக்டரம்மா விளக்கைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பெரிய வைத்தியம் ஒண்ணும் இல்லம்மா. காலையில சாயங்காலம் சும்மா தண்ணியில மொகம் கழுவுங்க. இந்தக் களிம்பை லேசா தடவுங்க. வேலைக்குப் போறப்போ சன்ஸ்கிரீன் போடுங்க. எல்லாத்துக்கும் மேல, நிழல்ல உக்காருங்க. இன்னும் மூணு மாசத்துல ஆறலைன்னா வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும்."

"நிழலை எங்க போய் வாங்கறது டாக்டர்?"

"அது மட்டும் மருந்துக்கடையில கெடைக்காது."

அதனால்தான் பட்டறைக்குப் போனாள். பட்டறைக்காரரின் விலையோடு ஒரு மனு எழுதினாள். 'கம்பெனிக்குச் செலவு வேண்டாம், என் சம்பளத்தில் மாதம் முந்நூறு பிடித்துக்கொள்ளலாம்' என்றும் எழுதினாள். இதைவிட மலிவாக எந்தக் கம்பெனிக்கும் நிழல் கிடைக்காது.

என்ன கம்பெனி என்று சொல்லவில்லையே. வெயிலிலிருந்து முகத்தைக் காப்பாற்றும் சன்ஸ்கிரீன் செய்கிற கம்பெனி.

மனு கட்டடப் பிரிவுக்குப் போனது. அதில் 'கன்னம்' என்ற சொல் இருந்ததால் அவர்கள் அதைச் சரும ஒழுங்குத் துறைக்குத் தள்ளிவிட்டார்கள். கம்பெனி ஊழியர் ஒவ்வொருவரின் முகமும் கம்பெனியின் கடைக் கண்ணாடி என்ற கொள்கையின் பேரில் ஏற்பட்ட துறை அது. மூன்றாம் மாடியில், மீன் வைத்தால் கெடாத குளிரில், ஓர் ஆலோசகர் பெண் கேட்டக்காவை எதிரே உட்காரவைத்தாள்.

"மொகத்துக்குத் தெனமும் என்ன பண்றீங்க?"

"கழுவறேன்."

"அப்புறம்?"

"தொடைக்கிறேன்."

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தாள். துக்கம் விசாரிக்கிற குரலில், "அக்கா, உங்களுக்கு நிழல் இல்லாதது பிரச்சினையே இல்ல. ரொட்டீன் இல்லாததுதான் பிரச்சினை," என்றாள்.

ரொட்டீன் ஒரு பெட்டியில் வந்தது. ஏழு சீசா. ஒன்று அழுக்கை எடுக்க. இரண்டு, ஒன்று எடுக்காத அழுக்கை எடுக்க. மூன்று, இரண்டும் சேர்ந்து எடுத்துவிட்ட எண்ணெயைத் திருப்பிக் கொடுக்க. நான்கு எதற்கு என்று ஆலோசகருக்கே தெரியவில்லை. ஆனால் அது இல்லாமல் ஐந்து வேலை செய்யாதாம். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஏழு நிமிஷம் காயவிட வேண்டும். காய்கிற நேரத்தில் குனியக் கூடாது, சிரிக்கக் கூடாது. ஏழாவது சீசா சன்ஸ்கிரீன், அதை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும். பூசியதும் 'சரும ஏட்டில்' பூசியவர் கையெழுத்து, பார்த்தவர் கையெழுத்து.

"பாத்தவர்னா யாரு?"

"யார் பாத்தாலும் சரி. ஆனா நம்பகமானவரா இருக்கணும்."

வீட்டில் ஒன்றரை அறை. அரை அறை முழுக்க நாத்தனாரின் தையல் மெஷின். கண்ணாடிக்குக் கீழே சீசாக்களை வரிசையாக வைத்ததும் நாத்தனார் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"ஏன்ணி, இது ஒரு மூஞ்சிக்கா, இல்ல தெருவுக்கே சேத்து வாங்கிட்டு வந்தீங்களா?"

"எல்லாம் எனக்குத்தான்."

"உங்க அண்ணன் தம்பிங்க சீரா குடுத்தது மொத்தமே ஆறு பாத்திரம். கம்பெனி ஒண்ணு கூடவே குடுத்திருக்கு, பரவாயில்ல."

ஒரு வாரத்தில் நாலாம் நம்பர் சீசாவின் பயனை நாத்தனார்தான் கண்டுபிடித்தாள். மெஷின் சக்கரத்தில் ரெண்டு சொட்டு விட்டால் சத்தமே வராமல் ஓடியது. "உங்க மொகம் எப்படியோ போகட்டும்ணி, எனக்கு ஒரு நாளைக்கு ரெண்டு ஜாக்கெட் கூடப் போகுது," என்றாள்.

வாசலில் வேறு கதை. எட்டு மணிக்குக் கேட்டக்கா ஏழாம் சீசாவைப் பூசிக்கொண்டு, கழுத்தை நட்டுவைத்த கம்பம்போல வைத்துக்கொண்டு, ஏழு நிமிஷம் உட்கார்ந்திருப்பாள். குனியக் கூடாது என்றால் பதிவேட்டில் எழுத முடியாது. எழுதாமல் கேட்டைத் திறக்க முடியாது. லாரிகள் தெருமுனை வரைக்கும் நிற்கும். ஒவ்வொரு லாரியும் ஒரு கை புழுதியைத் தூக்கி அவள் ஈர முகத்தில் போட்டுவிட்டு நிற்கும். டின் ஏற்றிவரும் டிரைவர் ஒருவன், நம்பகமான சாட்சி என்று இவளே தேர்ந்தெடுத்தவன், இறங்கி வந்து கன்னத்தை உற்றுப் பார்த்தான்.

"அக்கா, நான் முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்த ரோடு முழுக்க உங்க மூஞ்சில இருக்கு. லாரியை இதுலயே திருப்பிக்கவா?"

"சிரிக்க வெக்காதடா. காயல."

"கையெழுத்து எங்க போடணும்?"

"பாத்தவர்ங்கற எடத்துல."

"என்னத்தப் பாத்தேன்னு போடட்டும்?"

மாதக் கடைசியில் பளபளப்புச் சோதனை. டார்ச்சு அளவில் ஒரு மெஷின். நேர் வெயிலில் வைத்தால் முகத்தின் பளபளப்பை எண்ணாகக் காட்டும். அறுபது வர வேண்டும். கேட்டக்காவுக்குப் பதினாலு வந்தது. அதிலும் நாலு, மணலின் பளபளப்பு என்று கழித்துவிட்டார்கள். வேர்வை எல்லாவற்றையும் வழித்துக் கழுத்தில் இறக்கியிருந்தது. மறுநாள் மெமோ வந்தது:

'பணி நேரத்தில், உரிய அனுமதியின்றி, தொடர்ந்து வியர்த்தமை குறித்துத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.'

கேட்டக்கா பதிவேட்டில் எழுதுகிற குண்டு எழுத்தில் பதில் எழுதினாள். 'வியர்த்தேன். அனுமதி யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. இனியும் வியர்ப்பேன். நிழல் கொடுத்தால் யோசிக்கிறேன்.'

இரண்டாவது மனுவாகவே அதைப் பதிவு செய்தார்கள் போலும். சருமத் துறைத் தலைவரிடமிருந்து அழைப்பு வந்தது. ஊழியர்கள் அவரைப் பளபளப்பார் என்பார்கள். அவர் முகத்தைப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். அறையின் ஜன்னலுக்கு மூன்று திரை. பட்டப்பகலில் மேசை விளக்கு எரிந்தது.

"உக்காருங்கம்மா. நீங்க கேக்கறது தகரக் கூரைன்னு நெனச்சிட்டிருக்கீங்க. அது கூரை இல்ல. கம்பெனியோட ராஜினாமாக் கடிதம். சன்ஸ்கிரீன் கம்பெனி வாசல்ல நிழல் போட்டா, வாங்க வர்றவன் என்ன நெனைப்பான்? இவங்க சரக்கை இவங்களே நம்பலை போலன்னு நெனைக்க மாட்டான்? வாசல்ல முன்னாடி ஒரு மரம் இருந்துச்சு, தெரியுமா?"

"தெரியும் சார். வேலைக்குச் சேந்த மொத வாரம் அதுக்குக் கீழதான் உக்காந்திருந்தேன்."

"நான் தலைவரான மொத வாரமே வெட்டச் சொன்னேன். ஒரு ஆளு கம்பம் நட்டுப் போட்டி விளம்பரம் வெச்சா விடுவோமா? மரம்னா நமக்கு என்ன? போட்டிக் கம்பெனி. அதுவும் இலவசமா குடுக்கற கம்பெனி!" குரல் தழுதழுத்தது. "இருவது வருஷமா நான் நம்ம கிரீமைத்தான் போடறேன். பாருங்க. எங்கயாவது ஒரு கருப்பு உண்டா?"

"இருவது வருஷமும் இந்த ரூம்லயேவா சார்?"

"ஒரு நாள் லீவு போட்டதில்ல!" என்றார் பெருமையாக.

"சார், இந்தக் கன்னத்துப் புண்ணு ஆறலைன்னா அறுக்கணும்ங்கறாங்க. நிழலோட அருமை வெயில்ல தெரியும்னு சும்மாவா..."

பளபளப்பார் காதைப் பொத்திக்கொண்டார். அன்று மாலையே அறிவிப்புப் பலகையில் தாள் ஏறியது: நிழலைப் புகழும் பழமொழிகளை வளாகத்துக்குள் யாரும் சொல்லக் கூடாது.

அதோடு விட்டாரா? 'சுற்றறிக்கை ஒன்பது' வந்தது. இனி வாசலில் நுழையும் எவரும், எந்தப் பதவியில் இருந்தாலும், வண்டியை விட்டு இறங்கி, நேர் வெயிலில் முகத்தைக் காட்டி, சரும ஏட்டைக் கேட்டில் இருப்பவரிடம் காட்டிய பிறகே உள்ளே விடப்படுவர். வயது, அவசரம், அந்தஸ்து எதுவும் விலக்கல்ல. அடியில் சேர்மனின் கையெழுத்து. கூடவே இன்னொரு மெமோ: பதினாறாம் தேதி சேர்மன் வருகை, அன்று கேட்டக்காவின் முகத்துக்கு இறுதிச் சோதனை, அறுபதுக்குக் குறைந்தால் வேலை இல்லை.

நாத்தனார் மெமோவை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டு மனு போட்டீங்க. கெஞ்சற கஸ்டமருக்கு யாரு வெலைய கொறைப்பா? என்கிட்ட வருவாளுங்க பாருங்க, நாளைக்குக் கல்யாணம், இன்னிக்கு ஜாக்கெட் வேணும்னு. அவகிட்ட நான் கூலி பேசறதே இல்ல. அவளே பேசிட்டுக் குடுத்துட்டுப் போவா."

"கம்பெனிக்கு என்னடி அவசரம் வரப்போகுது?"

"வராதா பின்ன?"

பதினாறாம் தேதி காலையில் கேட்டக்கா ஆறு சீசாவைத் தொடவில்லை. தண்ணீரில் முகம் கழுவினாள். டாக்டரம்மா சொன்னபடி ஏழாவதை மட்டும் தடவிக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தாள். வேலை போகப்போகிற முகம் மாதிரி இல்லை. சண்டைக்குப் போகிற முகம் மாதிரி இருந்தது.

பன்னிரண்டு மணி. தார் ரோடு கொதித்தது. நீளமான கருப்புக் கார் ஒன்று, கருப்புக் கண்ணாடியோடு, வந்து ஹாரன் அடித்தது. கேட்டக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சேர்மன் வண்டிம்மா!" என்றான் கார் டிரைவர்.

"வண்டி தெரியுது. மொகம் தெரியல. இறங்கச் சொல்லுங்க."

பின்னால் ஒன்பது லாரிகள். டின் லாரிக்காரன் இறங்கி வந்து மட்கார்டில் சாய்ந்து நின்றான். காசு கொடுத்தாலும் கிடைக்காத காட்சி. உள்ளேயிருந்து பளபளப்பார் ஓடிவந்தார், தலைக்கு மேல் ஒரு கோப்பைப் பிடித்துக்கொண்டு. இருபது வருஷத்தில் முதல் வெயில். பின்னாலேயே ஆலோசகர், மெஷினோடு.

"என்னம்மா பண்றீங்க? கேட்டைத் தெறங்க!"

"தெறக்கலாம் சார். சுற்றறிக்கை ஒன்பதை ரத்து பண்ணிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

"சேர்மன் கையெழுத்துப் போட்டதை நான் எப்படி ரத்து பண்றது?"

"நீங்களே முடியாதுங்கறீங்க. நான் கேட்டுக்காரி."

காரின் கண்ணாடி இரண்டு விரல் இறங்கியது. "என்ன தாமதம்?" என்றது ஒரு குரல்.

"ஒண்ணும் இல்லங்கய்யா. இறங்கி வெயில்ல நின்னு மொகம் காட்டணும். உங்க உத்தரவுதான்."

"எனக்கு வெயில் ஆகாதும்மா. டாக்டர் நிழல்லயே இருக்கச் சொல்லியிருக்கார்."

"எனக்கும் அதே மருந்துதாங்கய்யா எழுதிக் குடுத்திருக்காங்க. இங்கதான் கெடைக்கல."

லாரிக்காரர்கள் சிரித்தார்கள். பளபளப்பார் சட்டைப் பையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்து அந்த இரண்டு விரல் இடைவெளியில் நீட்டினார். "அய்யா, நம்ம தயாரிப்பு. லேசா பூசிட்டு இறங்கினீங்கன்னா..."

கண்ணாடி மேலே ஏறிவிட்டது. ட்யூப் நுனி மாட்டிக்கொண்டு கிரீம் கண்ணாடியில் வழிந்தது.

"இப்போ என்ன பண்ணலாம்ங்கறீங்க?" பளபளப்பாரின் மூக்கிலிருந்து சொட்டியது. அனுமதியில்லாத வேர்வை.

"என்னைக் கேக்கறீங்களா சார்?"

"உங்களைத்தான்!"

"ஒரு நிழல் இருந்தா அய்யா இறங்குவார்."

"ஆனா சுற்றறிக்கையில நேர் வெயில்லன்னு இருக்கே," என்றாள் ஆலோசகர். பாவம், படித்த பெண்.

"பக்கத்துல 'அல்லது நிழலில்'னு ரெண்டு வார்த்தை சேத்துக்கலாமே சார். ரத்து இல்ல. திருத்தம்தான். திருத்தற அதிகாரம் உங்களுக்கு இருக்கு."

ஹாரன் அடித்தது. பளபளப்பார் எழுதினார். "தேதி சார். கையெழுத்து," என்றாள் கேட்டக்கா. அதையும் போட்டார்.

இரண்டு தெரு தள்ளிக் கம்பெனியின் விருந்தினர் பங்களா. அங்கே தோட்டத்தில் பெரிய மனிதர்கள் உட்காருவதற்கு ஒரு துணிப் பந்தல் உண்டு. கால் மணியில் அது டெம்போவில் வந்து இறங்கியது. நீல வெள்ளைக் கோடு, நான்கு இரும்புக் கால். கேட்டக்காவின் மேசைக்கு மேலேயே விரித்து நட்டார்கள். வாசலில் இறங்கிய சரக்கு என்பதால் அவள் அதைப் பதிவேட்டில் ஏற்றினாள்.

சேர்மன் இறங்கினார். வெளிறின, சாதுவான கிழவர். பந்தலுக்குள் வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, "அப்பாடா," என்றார். ஆலோசகர் ஏட்டை விரித்தாள்.

"அய்யா, மொகத்துக்குத் தெனமும் என்ன பண்றீங்க?"

"கழுவறேன்."

"அப்புறம் அய்யா?"

"தொடைக்கிறேன். வெயில்ல போக மாட்டேன். ஒரு மூஞ்சிக்கு அதுக்கு மேல என்னம்மா வேணும்?"

ஆலோசகர் பளபளப்பாரைப் பார்த்தாள். பளபளப்பார் ஏட்டைப் பார்த்தார். பிறகு அவள் எழுதினாள்: 'மிகச் சிறப்பு.'

"நல்ல எடமா இருக்கே இது," என்று சொல்லிவிட்டு, பத்து நிமிஷம் கழித்துத்தான் சேர்மன் எழுந்து உள்ளே போனார்.

அடுத்தது இறுதிச் சோதனை. ஆலோசகர் மெஷினை எடுத்துக்கொண்டு, "வெளிய வாங்கக்கா, வெயில்ல வெச்சாத்தான் எண் காட்டும்," என்றாள்.

"அல்லது நிழலில்," என்றாள் கேட்டக்கா, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல்.

ஆலோசகர் மெஷினை அவள் கன்னத்தில் வைத்தாள். தட்டிப் பார்த்தாள். "ஒண்ணுமே காட்டலையே!"

"அறுபதுக்குக் கம்மின்னு காட்டுதா?"

"இல்ல."

"அப்போ அதையே எழுதுங்க."

பெண் கொஞ்சம் யோசித்தாள். உதட்டோரம் லேசாக ஏதோ நெளிந்தது. எழுதிவிட்டுப் போய்விட்டாள்.

ஒன்றரை மணிக்குப் பளபளப்பார் இரண்டு ஆட்களோடும் டெம்போவோடும் திரும்பிவந்தார். "பந்தலைக் கழட்டுங்கடா."

"கழட்டலாம் சார். பதிவேட்டுல ஏறின சரக்கு. வெளிய போக சீட்டு வேணும். காரணத்தோட."

சீட்டுப் புத்தகத்தை வாங்கி, 'வேலை முடிந்தது' என்று எழுதினார்.

"என்ன வேலைன்னும் எழுதணும் சார்."

"சேர்மனுக்கு நிழல்..." என்று ஆரம்பித்தவர் கிழித்தார். அடுத்த தாளில் 'தேவையில்லை' என்று எழுதினார்.

"யாருக்குத் தேவையில்ல? அய்யாவுக்கா?"

அதையும் கிழித்தார். மூன்றாவதில் 'கம்பெனியின் கௌரவத்துக்குக் குறைவு' என்று அழுத்தி எழுதினார். மட்கார்டில் சாய்ந்திருந்த டின் லாரிக்காரன் எட்டிப் பார்த்து உரக்கப் படித்தான். "ஏன் சார், சேர்மன் உக்காந்த எடமா கௌரவக் கொறைவு? அவருக்குத் தெரியுமா?"

மூன்றாவதும் போனது.

"அப்போ உள்ளயாவது தூக்கிட்டுப் போங்கடா!"

"உள்ள போனா எந்தப் பிரிவுக்குன்னு எழுதணும் சார். நிழலுக்கு நம்ம கம்பெனியில எந்தப் பிரிவு?"

பளபளப்பார் சீட்டுப் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார். பந்தலுக்கு வெளியே வீம்பாக நின்றுகொண்டிருந்தவரின் ஒரு கால், அவருக்கே தெரியாமல், உள்ளே வந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் மற்றதும் வந்தது. கேட்டக்கா அதைக் கவனிக்காத மாதிரி பதிவேட்டைத் திருப்பினாள். டெம்போக்காரன் பார்த்தான், வாடகை ஏறுகிறது, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு மணிக்குக் கணக்கு முடித்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்துக்கும் நன்றாகக் குனிந்து எழுதினாள்:

துணிப் பந்தல், இரும்புக் கால் நான்கு.
உள்ளே: ஒன்று.
வெளியே: இல்லை.
இருப்பு: ஒன்று.
நிழல் வரவு: ஒன்றரை மணி நேரம்.
கம்பெனி தர வேண்டிய பாக்கி: பதினோரு வருஷம்.